பனிக்கு மேலே தலைநீட்டும் மலைகள்: நுனாட்டாக் என்றால் என்ன?

அண்டார்க்டிகாவில் நார்வே உரிமை கோரும் குயீன் மாட் நிலப்பகுதியில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, கண்ணுக்கெட்டிய வரை வெண்பனி மட்டுமே பரந்து கிடக்கும் ஓரிடத்தில், செங்குத்தான பாறைக் கொடுமுடிகள் சில வரிசையாக நிற்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் அந்த வரிசை சற்று வளைந்து, ஒரு விலங்கின் தாடையில் பற்கள் அமைந்திருப்பதைப் போலத் தோன்றும். அதனால் நார்வே நாட்டவர் தங்கள் தொன்மக் கதைகளில் வரும் ஃபென்ரிர் என்னும் ஓநாயை நினைத்து, அந்தக் கூட்டத்திற்கு ‘ஃபென்ரிரின் தாடை’ என்று பொருள்படும் ஃபென்ரிஸ்கெஃப்டன் என்ற பெயரை வைத்தார்கள். அவற்றுள் மிக உயர்ந்த கொடுமுடியின் பெயர் உல்வெதான்னா, அதாவது ‘ஓநாயின் பல்’. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 2,931 மீட்டர். 1994ஆம் ஆண்டில்தான் மனிதர்கள் முதன்முதலாக அதன் உச்சியில் ஏறி நின்றார்கள்.

பெரும் பனிப்பரப்பைத் துளைத்துக்கொண்டு இவ்வாறு வெளியே நிற்கும் பாறைக் குன்றையோ கொடுமுடியையோ நிலவியலாளர்கள் ‘நுனாட்டாக்’ என்று குறிப்பிடுகிறார்கள். இது கிரீன்லாந்தில் வாழும் இனுயிட் மக்களின் சொல். அவர்களுடைய மொழியில் ‘நுனா’ என்றால் நிலம். கனடாவில் 1999ஆம் ஆண்டு உருவான நுனாவுட் ஆட்சிப்பகுதியின் பெயரிலும் இந்த வேர்ச்சொல்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரீன்லாந்தின் உட்பகுதியை ஆராயச் சென்ற டென்மார்க், சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதை அந்த மக்களிடமிருந்து கற்று உலகுக்கு எடுத்துச் சென்றார்கள். பனியை நாள்தோறும் பார்த்து வாழ்ந்த மக்கள், அதன் நடுவே தென்படும் பாறையை ‘நிலம்’ என்ற சொல்லிலிருந்தே அழைத்தது மிகப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்த வெண்பரப்பில் நிலம் என்று சொல்லிக் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும், பனியின் மேல் ஒரு பாறை வைக்கப்பட்டிருப்பதைப் போலவோ, பனிக்குள்ளிருந்து ஒரு பாறை முளைத்ததைப் போலவோ இதைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். சரியான படம் மனத்தில் பதிய வேண்டுமானால் பனியைச் சற்று மறந்துவிட்டு, ஒரு மலைநாட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பள்ளத்தாக்குகளும் சமவெளிகளும் குன்றுகளும் உயர்ந்த சிகரங்களும் இருக்கின்றன. அந்த நாட்டில் பெய்யும் பனி கோடையிலும் முழுவதும் உருகுவதில்லை. ஆண்டுதோறும் புதிய படிவு பழைய படிவின்மேல் விழுந்து அழுத்த, அடியிலுள்ள பனித்துகள்கள் இறுகி, இடையிலிருந்த காற்று சிறு குமிழ்களாக அடைபட்டு, கெட்டியான பனிக்கட்டியாக மாறுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளில் பள்ளத்தாக்குகள் நிரம்பும். பிறகு குன்றுகள் மூழ்கும். கடைசியில் மிக உயர்ந்த சிகரங்களின் தலைகள் மட்டும் வெளியே மிஞ்சும். அணை கட்டியபின் நீரில் மூழ்கிய கரடுகளின் உச்சிகள் திட்டுகளாகத் தெரிவதைப் போன்றதே இது. வேறுபாடு என்னவென்றால், இங்கே நிரம்பியிருக்கும் பனி அசையாமல் நிற்பதில்லை. தன் எடையாலேயே மிக மெதுவாகக் கடலை நோக்கி வழிந்துகொண்டிருக்கிறது.

ஒரு கண்டத்தையே மூடிக் கிடக்கும் இத்தகைய பனியைப் பனிவிரிப்பு என்று சொல்லலாம். அண்டார்க்டிகாவின் பனிவிரிப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் சராசரித் தடிமன் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். மிக ஆழமான இடங்களில் தடிமன் நான்கரை கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கிரீன்லாந்தின் பனிவிரிப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில், அந்தத் தீவின் ஐந்தில் நான்கு பங்கை மூடியிருக்கிறது. இவ்வளவு பனிக்கு மேலே பாறை தெரியும் இடம் அண்டார்க்டிகாவில் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. அந்தச் சிறு பங்கின் மீதுதான் இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லாமே நிற்கிறது.

மலை உயரமாக இருந்தால் அது கட்டாயம் வெளியே தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கு அண்டார்க்டிகாவின் நடுப்பகுதியில் காம்புர்த்செவ் என்ற மலைத்தொடர் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையோடு ஒப்பிடத்தக்க அந்தத் தொடரின் சிகரங்கள் கடல்மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டர் அளவுக்கு உயர்ந்தவை. ஆயினும் ஒரு கல்கூட வெளியே தெரிவதில்லை. மிக உயர்ந்த சிகரத்தின் மேலேயே பல நூறு மீட்டர் பனி கிடக்கிறது. 1958இல் சோவியத் ஆய்வுக்குழுவினர் பனிக்கு அடியில் அதிர்வலைகளைச் செலுத்தி ஆழத்தை அளந்தபோதுதான் அப்படியொரு மலைத்தொடர் இருப்பதே தெரியவந்தது. பனிவிரிப்பு ஒரு கவிழ்த்த கிண்ணத்தைப் போல நடுவில் தடித்தும் விளிம்பை நோக்கி மெலிந்தும் இருப்பதால், நுனாட்டாக்குகள் பெரும்பாலும் கண்டத்தின் ஓரங்களை ஒட்டியும், பனியின் ஓட்டத்தைக் குறுக்கே மறித்து நிற்கும் பெரிய மலைத்தொடர்களை ஒட்டியுமே காணப்படுகின்றன. அண்டார்க்டிகாவை ஊடறுத்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் டிரான்ஸ் அண்டார்க்டிக் மலைத்தொடர் அத்தகைய ஒன்று. கிழக்குப் பகுதியின் பனி அதற்குப் பின்னால் அணை நீரைப் போலத் தேங்கி, பியர்ட்மோர் போன்ற பெரும் பனியாறுகளின் வழியாக மட்டும் கீழே இறங்குகிறது. ஆர்க்டிக் பக்கம் எடுத்துக்கொண்டால், கிரீன்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான 3,694 மீட்டர் குன்பியோர்ன் மலையே ஒரு நுனாட்டாக்தான்.

நுனாட்டாக்குகள் தனித்து நிற்பதைவிடக் கூட்டமாக நிற்பதே அதிகம் என்பதற்கும் விளக்கம் இதுதான். பனிக்கு மேலே தனித்தனியாகத் தெரியும் பத்துப் பாறைகள், அடியில் ஒரே மலைமுகட்டின் பத்துப் புடைப்புகளாக இருக்கும். இடையிலுள்ள கணவாய்கள் மட்டும் பனியால் நிரம்பியிருக்கும். வரைபடம் வரைபவர்கள் அத்தகைய கூட்டத்திற்கு ஒரே பெயரை வைப்பது அதனால்தான். அளவுக்கு எந்த வரையறையும் கிடையாது: ஒரு வீட்டின் அளவுள்ள பாறையும் நுனாட்டாக், ஆயிரம் மீட்டருக்கு மேல் பனியிலிருந்து நிமிர்ந்து நிற்கும் உல்வெதான்னாவும் நுனாட்டாக்.

இனி அவற்றின் உருவத்தைப் பார்ப்போம். பெரும்பாலான நுனாட்டாக்குகள் கூரியவை, உடைந்த விளிம்புகளை உடையவை. கோடை நாட்களில் வெயில் நேராகப் படும் கரும்பாறை, சுற்றிலும் காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதும், சூடேறி உறைநிலையைத் தாண்டிவிடும். அப்போது பாறையின் மேலுள்ள பனி சிறிது உருகி வெடிப்புகளுக்குள் இறங்கும். நிழல் வந்ததும் மீண்டும் உறையும். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் கூடுவதால், வெடிப்பின் சுவர்கள் ஆப்பு வைத்ததைப் போல நெருக்கப்படுகின்றன. இது திரும்பத் திரும்ப நிகழ்ந்து பாறை சில்லுசில்லாகப் பெயர்கிறது. பனி ஓடும் மட்டத்துக்குக் கீழே நடப்பது வேறு. நகரும் பனிக்கட்டி, தன் அடியில் சிக்கிய கற்களையும் மணலையும் கொண்டு பாறையைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, நீளமான கீறல்களை விட்டுச் செல்கிறது. ஆகவே பனி முன்பு இருந்த மட்டத்திலிருந்து இறங்கிய இடங்களில், மேலே கரடுமுரடாகவும் கீழே உருண்டு மழுங்கியும் உள்ள இரண்டு பகுதிகளைப் பிரிக்கும் ஒரு கோடு மலைச்சரிவில் தெரிவதுண்டு. அதைப் பார்த்தவுடன் ‘பனி இவ்வளவு உயரம் வரை இருந்தது’ என்று முடிவுகட்டும் ஆவல் எவருக்கும் எழும். ஆனால் மிகக் குளிர்ந்த பனி தரையோடு ஒட்டி உறைந்துவிட்டால் பாறையைத் தேய்க்காமல் சும்மா மூடிக் கிடக்கும். அதன் கீழே கூரிய முகடுகள் சேதமின்றிப் பிழைத்திருக்கும். எனவே அந்தக் கோட்டை மட்டும் நம்பிப் பழைய பனியின் உயரத்தைச் சொல்ல முடியாது என்பதை ஆய்வாளர்கள் காலப்போக்கில் உணர்ந்தார்கள்.

நுனாட்டாக்கைச் சுற்றியுள்ள பனியின் வடிவமும் கவனிக்கத்தக்கது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேலாகத் திருப்பி அனுப்பிவிடும். கரும்பாறையோ பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். அந்த வெப்பம் பாறையின் காலடியிலுள்ள பனியைக் கரைக்கிறது. அதோடு, உட்பகுதியின் உயரத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சரிந்து வீசும் கடுங்காற்று பாறையில் மோதிச் சுழன்று, அதன் பக்கங்களில் பனியைத் தோண்டி எடுத்துச் செல்கிறது. இரண்டும் சேர்ந்து, பாறையின் ஒரு பக்கத்தில் அகழி வெட்டியதைப் போன்ற ஆழ்ந்த பள்ளங்களை உண்டாக்குகின்றன. பனியில் பயணம் செய்பவர்கள் தொலைவில் ஒரு பாறையைக் கண்டு மகிழ்ந்து நேராக அதை நோக்கிச் செல்வது ஆபத்தானது; பள்ளமும், பாறையை உரசி ஓடும் பனியில் ஏற்பட்ட பிளவுகளும் வழியில் காத்திருக்கும்.

பாறையின் காற்று நேராக மோதாத மறுபுறங்கள் சிலவற்றில், சுழன்று வீசும் காற்று பனித்துகள்களை முற்றிலும் வாரிச் சென்றுவிட, அடியிலிருக்கும் பழைய கட்டிப்பனி நீல நிறமாக வெளிப்படுகிறது. இந்த நீலப்பனிப் பரப்புகள் விண்கல் ஆய்வுக்குப் பெரும் கொடையாக அமைந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பனிவிரிப்பின் மேல் ஆங்காங்கே விழுந்து புதைந்த விண்கற்கள், பனியோடு சேர்ந்து விளிம்பை நோக்கி நகர்கின்றன. வழியில் மலைகள் மறிக்கும்போது பனி மேல்நோக்கி எழுகிறது. அங்கே காற்றும் வெயிலும் பனியை நேரடியாக ஆவியாக்கி அகற்றுகின்றன. கற்கள் மட்டும் மேற்பரப்பில் தங்கிவிடுகின்றன. 1969இல் அண்டார்க்டிகாவின் யமாட்டோ மலைகளின் அருகே பனியின் நகர்வை ஆராய்ந்துகொண்டிருந்த ஜப்பானியக் குழுவினர் ஒன்பது விண்கற்களை ஒரே பகுதியில் கண்டெடுத்தார்கள். அவை வெவ்வேறு வகையைச் சேர்ந்தவையாக இருந்ததால் ஒரே கல் உடைந்து சிதறியவை என்று கருத இடமில்லை. பனிதான் அவற்றைத் திரட்டிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்பது புரிந்தது. அதன்பின் அண்டார்க்டிகாவில் பல்லாயிரக்கணக்கான விண்கற்கள் கிடைத்துள்ளன. செவ்வாய்க் கோளிலிருந்து வந்ததாக அறியப்பட்டு 1996இல் பெரும் விவாதத்தைக் கிளப்பிய கல்லும், 1984இல் ஆலன் குன்றுகளின் அருகே நீலப்பனியில் கிடைத்ததுதான்.

நுனாட்டாக்குகளின் மிகப் பெரிய பயன் என்று நான் கருதுவது, அவை பனியின் உயரத்தை அளக்கும் அளவுகோல்களாக இருப்பது. ஏரிக்குள் நிற்கும் மதகுச் சுவரில் பழைய நீர்மட்டத்தின் தடங்கள் படிந்திருப்பதைப் போல, இந்தப் பாறைகளின் சரிவிலும் பனியின் பழைய மட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. பதிவு செய்பவை, பனி வேறிடத்திலிருந்து தூக்கிவந்து இறக்கிவைத்த அயற்கற்கள். உள்ளூர்ப் பாறை கரியதாக இருக்கும் ஒரு சரிவில், வெளிர்நிறக் கல் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தால், அதைக் கொண்டுவந்தது பனியே என்று அறியலாம். பனி மட்டம் இறங்க இறங்க, கற்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வெளியே விடப்படுகின்றன. எந்தக் கல் எப்போது வெளியே வந்தது என்று தெரிந்துவிட்டால், பனி எந்த வேகத்தில் மெலிந்தது என்பதும் தெரிந்துவிடும்.

அதைக் கண்டறியும் முறை வியக்கத்தக்கது. விண்வெளியிலிருந்து பூமிக்கு எப்போதும் அண்டக்கதிர்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றால் உண்டாகும் துகள்கள் பாறையிலுள்ள குவார்ட்ஸ் கனிமத்தில் மோதும்போது, அதிலிருக்கும் ஆக்சிஜன் அணுக்களில் மிகச் சில உடைந்து பெரிலியம்-10 என்னும் அரிய அணுவாக மாறுகின்றன. கடல்மட்டத்தில், துருவத்தை ஒட்டிய பகுதிகளில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கைந்து அணுக்கள் மட்டுமே இவ்வாறு உருவாகின்றன. உயரம் கூடக்கூட இந்த எண்ணிக்கை கூடும். பல மீட்டர் தடிமனுள்ள பனி மேலே மூடியிருந்தால் கதிர்கள் பாறையை எட்டுவது மிகவும் குறைந்துவிடும். ஆகவே கல் பனிக்குள் இருந்தவரை கடிகாரம் ஏறக்குறைய நின்றிருக்கிறது. வெளியே வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஆய்வாளர்கள் அந்தக் கல்லின் மேற்பகுதியைச் சுத்தியலால் உடைத்து எடுத்துவந்து, குவார்ட்ஸை மட்டும் பிரித்து, துகள்முடுக்கியோடு இணைந்த நுண்கருவிகளால் அந்த அணுக்களை எண்ணுகிறார்கள். பெரிலியம்-10 பாதியாகச் சிதைய ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதால், மிக நீண்ட காலத்தையும் இம்முறையால் அளக்க முடிகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, மேற்கு அண்டார்க்டிகாவில் பைன் ஐலண்டு பனியாற்றை ஒட்டி நிற்கும் ஹட்சன் மலைகள். பனியைக் கடலுக்குள் மிக வேகமாக இழந்துவரும் பனியாறுகளுள் அது ஒன்று என்பதால், இப்போதைய மெலிவு புதியதா, முன்பும் நிகழ்ந்ததா என்ற கேள்வி எழுந்தது. ஹட்சன் மலைகளின் நுனாட்டாக்குகளில் எடுத்த கற்களின் வயதை அளந்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பும் அந்தப் பனியாறு இன்றைய வேகத்தோடு ஒப்பிடத்தக்க வகையில், ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாக மெலிந்தது என்றும், அந்த மெலிவு சில பத்தாண்டுகளாவது நீடித்தது என்றும் காட்டியது. ஒருமுறை தொடங்கினால் உடனே நின்றுவிடாத நிகழ்வு அது என்பதைச் சில கற்கள் சொல்லிவிட்டன. கடல்மட்டம் எதிர்காலத்தில் எவ்வளவு உயரும் என்று கணிக்கும் கணினி மாதிரிகளைச் சோதிப்பதற்கு இத்தகைய அளவுகள் இன்றியமையாதவை. செயற்கைக்கோள்கள் சென்ற சில பத்தாண்டுகளை மட்டுமே கண்டவை. அதற்கு முந்தைய பல்லாயிரம் ஆண்டுகளுக்குச் சான்று சொல்வதற்கு இந்தப் பாறைகளை விட்டால் வேறு சாட்சிகள் மிகக் குறைவு.

அடியில் புதைந்திருக்கும் கண்டம் எதனால் ஆனது என்பதையும் பெரும்பாலும் நுனாட்டாக்குகளிலிருந்தே அறிந்திருக்கிறோம். இதில் மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1912 ஜனவரி 17 அன்று தென்துருவத்தை அடைந்து, தங்களுக்கு முன்பே நார்வேயின் அமுண்ட்சென் வந்து சென்றுவிட்டதைக் கண்டு மனமுடைந்து திரும்பிய பிரிட்டனின் ஸ்காட் தலைமையிலான ஐவர் குழு, பிப்ரவரி 8 அன்று பியர்ட்மோர் பனியாற்றின் தலைப்பகுதியிலுள்ள பக்லி மலையின் அடியில் தங்கியது. உணவு குறைந்து, உடல் தளர்ந்த அந்த நிலையிலும் எட்வர்ட் வில்சனும் மற்றவர்களும் அங்கே பாறைகளைச் சேகரித்தார்கள். பனிச்சறுக்கு வண்டியை மனிதர்களே இழுத்துச் செல்ல வேண்டியிருந்தபோதும் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள கற்களை அவர்கள் கீழே போடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அவர்களுடைய கடைசிக் கூடாரத்தைத் தேடிக் கண்டவர்கள், உடல்களோடு அந்தக் கற்களையும் கண்டெடுத்தார்கள். அவற்றில் குளோசாப்டெரிஸ் என்னும் அழிந்துபோன மரத்தின் இலைப்பதிவுகள் இருந்தன. அதே மரத்தின் புதைபடிவங்கள் இந்திய நிலக்கரிப் பாறைகளில் ஏற்கெனவே நன்கு அறியப்பட்டவை. இந்தியா, அண்டார்க்டிகா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகியவை ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன என்ற கருத்துக்கு அந்த இலைகள் வலுவான சான்றுகளுள் ஒன்றாயின. உயிர் போகும் நிலையிலும் அவர்கள் அந்தச் சுமையைக் கைவிடாததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கோண்டுவானாவின் இன்னொரு சான்று தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானது. கிழக்கு அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியர்கள் 1954இல் அமைத்த மாசன் நிலையத்தின் பின்புறம், பனிவிரிப்பைக் கிழித்துக்கொண்டு ஃபிராம்னெஸ் மலைகள் வரிசைவரிசையாக எழுந்து நிற்கின்றன. அவை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனவை. அந்தப் பாறைக்கு அப்பெயரை 1893இல் வைத்தவர், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலண்டு. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையால் செய்யப்பட்டிருந்தது. அந்தக் கல் சென்னையின் பரங்கிமலைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லி, ஜல்லியாக உடைத்துக் கட்டடங்களுக்குப் பயன்படுத்திய பாறைதான் அது. பூமியின் மேலோட்டுக்குள் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர்ச்சத்து மிகக் குறைவான சூழலில் உருவாகும் பாறை அது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பரங்கிமலைப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது. மாசன் பகுதியின் பாறை ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. ஆகவே இரண்டும் ஒரே வகைப் பாறை என்று சொல்லலாமே தவிர, ஒரே மலையின் இரு துண்டுகள் என்று சொல்லக் கூடாது. மாசன் பாறைகளோடு வயதிலும் வரலாற்றிலும் நெருங்கிய உறவுடையவை ஆந்திரம், ஒடிசா வழியே செல்லும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரியத் தொடங்கும் வரை, அந்த இரு பகுதிகளும் அடுத்தடுத்த நிலங்களாக இருந்தன.

மனிதர்கள் தங்கும் இடத்துக்கும் பாறையே நம்பகமான அடித்தளம். இந்தியாவின் முதல் அண்டார்க்டிக் நிலையமான தட்சிண கங்கோத்ரி, 1983-84இல் கடலோரத்தில் மிதக்கும் பனித்திட்டின்மேல் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் விழுந்த பனியில் அது மெல்லப் புதைந்து, 1990இல் கைவிடப்பட்டது. அடுத்த நிலையமான மைத்ரியை 1989இல் ஷிர்மாக்கர் சோலையின் பாறை நிலத்தில் அமைத்தார்கள். அது இன்றும் இயங்குகிறது. சோலை என்று அழைக்கப்பட்டாலும் அங்கே மரம் ஏதும் கிடையாது. பனியில்லாத தாழ்ந்த குன்றுகளும், கோடையில் உருகும் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றேரிகளும் கொண்ட நிலத்துண்டு அது. கொடுமுடியாக நிமிர்ந்து நிற்பது நுனாட்டாக். பரந்து கிடக்கும் பனியற்ற நிலம் சோலை என்ற வேறுபாட்டை இங்கே நினைவில் கொள்ளலாம். ஷிர்மாக்கருக்குத் தெற்கே வோல்தாட் மலைகளின் நுனாட்டாக்குகளில் இந்திய நிலவியலாளர்கள் பல பருவங்கள் தங்கிப் பாறைகளை வரைபடமாக்கியிருக்கிறார்கள். பெல்ஜியம் 2009இல் திறந்த பிரின்சஸ் எலிசபெத் நிலையமோ, உட்ஸ்டைனன் நுனாட்டாக்கின் அருகிலுள்ள பாறை முகட்டில் கால்களை ஊன்றி, காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் பெற்று இயங்குகிறது.

இனி உயிர்கள். தொலைவிலிருந்து மொட்டையாகத் தெரியும் இந்தப் பாறைகளில் உயிர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் தென்துருவத்துக்கு வெகு அருகே, 86 பாகை தென் அகலாங்கு வரையிலும்கூட, பாறைகளில் லைக்கன்கள் ஒட்டி வளர்கின்றன. பூஞ்சையும் பாசியும் ஒன்றுக்கொன்று துணையாகச் சேர்ந்து வாழும் உயிர்கள் அவை. கோடையில் சில மணி நேரம் கிடைக்கும் ஈரத்தில் வளர்ந்து, மற்ற நாட்களில் உறைந்து காத்திருக்கின்றன. கற்களின் அடியில் சிற்றுண்ணிகளும், வாலை உந்தித் துள்ளும் ஸ்பிரிங்டெயில் என்னும் மிகச்சிறு உயிரினங்களும் வாழ்கின்றன. இவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, சில இனங்கள் அண்டார்க்டிகாவிலேயே பல பத்து லட்சம் ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்துவருபவை என்பது தெரிந்தது. பனிவிரிப்பு 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகத் தொடங்கி, பின்னர் பலமுறை இன்றைக்கும் மேலாகப் பெருகியிருக்கிறது. அத்தனை பனியூழிகளையும் அவை எங்காவது ஒரு பனியற்ற பாறையில் ஒண்டித்தான் கடந்திருக்க வேண்டும். இதே கேள்வி ஸ்காண்டிநேவிய மலைச் செடிகளைப் பற்றியும் எழுந்தது: பனியூழியில் எல்லாம் அழிந்து பின்னர் தெற்கிலிருந்து மீண்டும் பரவினவா, அல்லது நுனாட்டாக்குகளில் சில செடிகள் பிழைத்திருந்தனவா என்று தாவரவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக வாதிட்டுவருகிறார்கள். கிரீன்லாந்தின் நுனாட்டாக்குகளில் பூக்கும் செடிகளே வளர்வதை 1878ஆம் ஆண்டுப் பயணத்தில் யென்சன் தலைமையிலான டேனிஷ் குழுவினர் நேரில் கண்டது, அந்த விவாதத்தில் செடிகள் பிழைத்திருந்தன என்போருக்கு வலுவூட்டியது.

பறவைகளின் வாழ்க்கை இன்னும் வியப்பானது. குயீன் மாட் நிலப்பகுதியில் கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே ஸ்வார்ட்ஹாமரன் என்ற நுனாட்டாக் இருக்கிறது. அதன் கற்சரிவில் அண்டார்க்டிக் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் லட்சக்கணக்கில் கூடி முட்டையிட்டுவந்தன. அந்தப் பறவையின் அறியப்பட்ட கூட்டங்களில் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. பனியில் முட்டை வைக்க இயலாததால், பனியற்ற பாறைக்காகவே அவை இவ்வளவு தூரம் வருகின்றன. தாயும் தந்தையும் முறைவைத்து, ஒன்று அடைகாக்க மற்றொன்று கடலுக்குப் பறந்து இரை தேடுகிறது. 2021-22 கோடையில் அங்கே வழக்கத்துக்கு மாறான கடும் பனிப்புயல்கள் வீசி, கூடு வைக்கும் கற்களைப் பனியால் மூடிவிட்டன. அந்தப் பருவத்தில் ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது, முட்டையிட்டிருந்த பெட்ரல்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன. அவற்றை இரையாக்கும் ஸ்குவா பறவைகளின் கூடு ஒன்றுகூட இல்லை.

பெட்ரல்கள் தங்கள் கூட்டை நெருங்குவோர்மீது வயிற்றிலிருந்து ஒருவகை எண்ணெயை உமிழ்ந்து விரட்டும். வெள்ளை நிறப் பனிப்பெட்ரல்கள் தலைமுறை தலைமுறையாக அதே பாறை இடுக்குகளில் கூடு வைப்பதால், அந்த எண்ணெய் குளிரில் இறுகி, மெழுகு போன்ற படலங்களாகப் பாறையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. அதன் குறுக்குவெட்டை எடுத்துக் கதிரியக்கக் கார்பன் முறையில் வயதை அளந்தபோது, மைத்ரிக்குத் தெற்கேயுள்ள மலைகளில் சில படிவுகள் 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று தெரியவந்தது. அதாவது கடைசிப் பனியூழியின் உச்சத்திலும் அந்தப் பாறை பனிக்கு மேலே நின்றிருக்கிறது. பறந்து எட்டும் தூரத்தில் உறையாத கடல்நீரும் இருந்திருக்கிறது. அடிப்படலத்தை விட்டுச்சென்ற பறவைகள் கூடு வைத்த அதே இடுக்குகளில் இன்றைய பனிப்பெட்ரல்கள் கோடைதோறும் வந்து அமர்கின்றன. மேலே புதிய படலம் இன்னும் படிந்துகொண்டிருக்கிறது.